இயல் 6: திரை வந்த வகுப்பறையில் கையெழுத்து

6.1 இயலின் எல்லை

தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம், 2018-இல் புதிய பாடநூல்களில் அச்சேறிய கியூஆர் குறியீடுகள், உயர்நிலைப் பள்ளிகளில் அமைந்த உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள், தொடக்கப் பள்ளிகளை எட்டியிருக்கும் திறன் வகுப்பறைகள் என மின்னணுக் கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்துள்ளன. ஆயினும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை இன்றும் பலப்பத்தையோ பென்சிலையோ பிடித்தே எழுதத் தொடங்குகிறது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுகள் தாளில் பேனாவால்தான் எழுதப்படுகின்றன. இவ்விரு நிலைகளுக்கும் இடையே நிற்கும் ஆசிரியர், எந்த வேலையைக் கையால் எழுதச் சொல்வது, எந்த வேலையைக் கருவியில் செய்யச் சொல்வது என்பதை ஒவ்வொரு பாடவேளையிலும் முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது. அம்முடிவை எடுப்பதற்கான அடிப்படைகளையும், தமிழ்மொழிப் பாடத்தில் அவற்றைச் செயற்படுத்தும் வழிகளையும் விளக்குவதே இவ்வியலின் நோக்கம்.

'கையெழுத்து' என்ற சொல் பேச்சுவழக்கில் கையொப்பத்தையும் எழுத்தின் அழகையும் சேர்த்துக் குறிப்பதால், இங்கு அது மூன்று திறன்களாகப் பிரித்துக் கையாளப்படுகிறது. ஓர் எழுத்தின் உருவத்தை நினைவிலிருந்து பிழையின்றி வரையும் திறன் வடிவறிவு எனப்படும். உருவத்தை எண்ணிப் பார்க்காமலேயே கை தானாக எழுதிச் செல்லும் நிலை எழுத்தோட்டம் எனப்படும். எழுதியதை மற்றொருவர் தடங்கலின்றிப் படிக்க இயல்வது தெளிவு எனப்படும். அழகு இம்மூன்றிற்கும் அப்பாற்பட்ட ஒரு சிறப்பு. அது பாராட்டத்தக்கதே எனினும், அதனைக் கற்பித்தலின் இலக்காகக் கொள்ளும்போது மற்ற மூன்றும் கவனம் பெறாமல் போகின்றன.

6.2 கருவி மாறிய வரலாறு

திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் எழுத்தின் பெயரை உரக்கச் சொல்லிக்கொண்டே மணலில் விரலால் எழுதிப் பழகி, கை படிந்த பின்னரே ஓலையையும் எழுத்தாணியையும் கையிலெடுத்தனர். எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை துளைபடும் என்பதால் சுவடிகளில் மெய்யெழுத்தின் புள்ளி பெரும்பாலும் விடப்பட்டது; அதனைச் சூழலைக் கொண்டு உய்த்துணர்ந்து படிப்பது படிப்பவரின் பொறுப்பாயிற்று. எகர ஒகரங்களின் குறிலையும் நெடிலையும் வடிவத்தால் வேறுபடுத்தும் வழக்கத்தை 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் ஏற்படுத்தினார். லை, னை, ணை, ளை ஆகியவற்றில் துதிக்கைபோல் வளைந்திருந்த பழைய குறி, பெரியார் 1930-களில் தம் இதழ் வழியே முன்வைத்த சீர்திருத்தத்தை 1978-இல் தமிழ்நாடு அரசு ஏற்றதன்பின் அச்சிலிருந்து மறைந்தது.

எழுதுகருவியும் எழுத்தும் ஒன்றையொன்று மாற்றிக்கொண்டே வந்திருக்கின்றன என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. ஆகவே விசைப்பலகையின் வரவைக் கேடு என்று அஞ்சுவதோ, கையெழுத்தைக் கழிந்துபோன ஒன்று என்று ஒதுக்குவதோ ஆசிரியருக்குப் பயன்தராது. ஒவ்வொரு கருவியும் கற்பவரின் மனத்தில் எந்த வேலையைச் செய்கிறது என்பதே அவர் கேட்க வேண்டிய கேள்வி.

6.3 ஆய்வுகள் சொல்வதும் சொல்லாததும்

படிக்கத் தொடங்கும் வயதில் கையால் எழுதுவது எழுத்தை அடையாளங்காண உதவுகிறது என்பதற்கு ஓரளவு உறுதியான சான்றுகள் உள்ளன. பிரான்சில் மரீக் லாங்காம்பும் அவருடைய குழுவினரும் மூன்று முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளிடம் நடத்தி 2005-இல் வெளியிட்ட ஆய்வில், எழுத்துகளைக் கையால் எழுதிப் பயின்ற குழந்தைகளுள் வயதில் மூத்தோர், தட்டச்சிட்டுப் பயின்றோரைவிட அவற்றை நன்கு அடையாளங்கண்டனர். அமெரிக்காவில் கரின் ஜேம்ஸ், லாரா எங்கல்ஹார்ட் ஆகியோர் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், இன்னும் படிக்கத் தெரியாத ஐந்து வயதுக் குழந்தைகள் சில எழுத்துகளைத் தாமாக எழுதியும், சிலவற்றைப் புள்ளிக்கோட்டின்மேல் வரைந்தும், சிலவற்றைத் தட்டச்சிட்டும் பயின்றனர். பின்னர் எடுக்கப்பட்ட மூளைப் படங்களில், பிற்காலத்தில் வாசிப்புக்குப் பயன்படும் பகுதிகள் தாமாக எழுதிய எழுத்துகளைக் கண்டபோதே தெளிவாகச் செயற்பட்டன. குழந்தை தானாக எழுதும்போது ஒவ்வொரு முறையும் எழுத்து சற்றே வேறுபட்டு வருகிறது. கோணலும் நெளிவுமான அவ்வுருவங்களுக்கிடையே மாறாமல் நிற்பது எது என்பதை உணர்வதே எழுத்தை அறிவதாகும் என்பது இம்முடிவுக்குத் தரப்படும் விளக்கங்களுள் ஒன்று.

வளர்ந்த மாணவர்களைப் பற்றிய முடிவுகள் இவ்வளவு உறுதியானவை அல்ல. பாம் முல்லர், டேனியல் ஓப்பன்ஹைமர் ஆகிய இருவரும் 2014-இல் வெளியிட்டுப் புகழ்பெற்ற ஆய்வு, மடிக்கணினியில் குறிப்பெடுப்போர் விரிவுரையைச் சொல்லுக்குச் சொல் பதிவுசெய்ய முற்படுவதாகவும், கருத்தைச் சோதிக்கும் வினாக்களில் அவர்கள் பின்தங்குவதாகவும் கூறியது. பின்னர் 2019-இலும் 2021-இலும் அவ்வாய்வை மீண்டும் நடத்திப் பார்த்த குழுவினர், சொல்லுக்குச் சொல் பதியும் போக்கைக் கண்டனரேயன்றி, தேர்ச்சியில் அத்தகைய தெளிவான வேறுபாட்டைக் காணவில்லை. நார்வேயில் ஆட்ரி வான் டெர் மீர் குழுவினர் 36 பல்கலைக்கழக மாணவர்களிடம் நடத்தி 2024-இல் வெளியிட்ட மூளையலை ஆய்வில், கையால் எழுதும்போது மூளைப் பகுதிகளுக்கிடையிலான இணைப்பு விரிவாக இருந்தது. ஆயினும் தட்டச்சிட்டவர்கள் ஒரே விரலால் தட்டினர் என்பதையும், எழுதிய சொற்கள் நினைவில் நின்றனவா என்பது அங்குச் சோதிக்கப்படவில்லை என்பதையும் மறந்துவிடலாகாது. அம்மாணவர்கள் எழுதியது தாளில் அன்று, தொடுதிரையின்மேல் மின்னெழுதுகோலால் என்பதும் ஆசிரியர் கருதத்தக்கது; அங்கே ஆராயப்பட்டது கையின் இயக்கமே ஆகும்.

பிற நாடுகளின் கொள்கை மாற்றங்களையும் இதே எச்சரிக்கையுடன் அணுக வேண்டும். பின்லாந்து 2016-இல் இணைப்பெழுத்தைக் கட்டாயப் பாடத்திலிருந்து நீக்கியதும், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் அதனைத் தொடக்க வகுப்புகளில் மீண்டும் கட்டாயமாக்கும் சட்டத்தை 2023-இல் இயற்றியதும் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகின்றன. இணைப்பெழுத்து என்பது ரோமன் எழுத்துகளைக் கோலை எடுக்காமல் ஒன்றோடொன்று கோத்து எழுதும் தனி முறை. பின்லாந்து கைவிட்டது அதனை மட்டுமே. கையால் எழுதுவதை அந்நாடு கைவிடவில்லை. தமிழ் எழுத்துக்கு இணைப்பெழுத்து என்று தனியாக ஒன்று கற்பிக்கப்படுவதில்லை என்பதால், அவ்விவாதத்தின் முடிவுகளைத் தமிழ் வகுப்பறைக்கு அப்படியே கொண்டுவர இயலாது.

6.4 கைவரிசையும் ஒலிவரிசையும்

தமிழ் எழுத்தைக் கையால் எழுதுவதற்கும் விசைப்பலகையில் இடுவதற்கும் உள்ள வேறுபாடு, வேகத்தையோ வசதியையோ மட்டும் பொறுத்ததன்று. எழுத்தின் இருவேறு பக்கங்களை அவை கற்பிக்கின்றன. 'கொடி' என்ற சொல்லின் முதலெழுத்தை எழுதும் பிள்ளை, முதலில் ஒற்றைக்கொம்பையும், அடுத்துக் ககரத்தையும், இறுதியில் துணைக்காலையும் இடுகிறது. இதனைக் கைவரிசை எனலாம். 1999-இல் தமிழ்நாடு அரசு தரப்படுத்திய தமிழ்99 விசைப்பலகையில் அதே எழுத்தைப் பெற, முதலில் ககரத்தையும் பின்னர் ஒகரத்தையும் தட்ட வேண்டும். இது ஒலிவரிசை. க் என்னும் மெய்யும் ஒ என்னும் உயிரும் கூடிக் கொ ஆகிறது என்ற இலக்கணத்தை விரல்கள் இங்கே நேரடியாகச் செய்துகாட்டுகின்றன. ககரத்தை இருமுறை தட்டினால் முதலாவது தானாகப் புள்ளி பெற்று 'க்க' ஆவதும், மெல்லெழுத்தை அடுத்து அதன் இனவல்லெழுத்தைத் தட்டினால் மெல்லெழுத்து புள்ளி பெறுவதும், மெய்ம்மயக்கத்தையும் இனவெழுத்துகளையும் கற்பிக்க உகந்த வாய்ப்புகள்.

எனவே கை எழுத்தின் உருவத்தைக் கற்பிக்கிறது. முறையாக அமைந்த தமிழ் விசைப்பலகை எழுத்தின் இலக்கணத்தைக் கற்பிக்கிறது. உருவம் மனத்தில் பதிந்த பின்னரே இலக்கணம் பிடிபடும் என்பதால், முதலில் கையும் பின்னர் விசைப்பலகையும் என்னும் வரிசையே இந்நூல் பரிந்துரைப்பது.

ஒலிபெயர்ப்பு முறை எனப்படும் மூன்றாவது வழி, இவ்விரண்டையும் கற்பிப்பதில்லை. ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழைப் பெறும் இம்முறையில் ந, ன, ண மூன்றும், ல, ள இரண்டும் பெரும்பாலும் ஒரே விசையின்கீழ் வருகின்றன. மென்பொருள் காட்டும் சொற்பட்டியலிலிருந்து ஒன்றைத் தொட்டுத் தெரிவதே பிள்ளையின் வேலையாகிறது. பள்ளி, பல்லி என்ற இரண்டும் சரியான சொற்களே ஆதலால், தவறான ஒன்றைத் தெரிந்தாலும் பிழைதிருத்தி அதனைச் சுட்டாது. மரம், மறம் என்பனவும் வாழை, வாளை என்பனவும் அத்தகையன. 'மூன்று சுழி ண', 'இரண்டு சுழி ன' என்று பள்ளிகளில் வழங்கும் பெயர்கள் எழுதும் கையால் பிறந்தவை என்பதையும், சுழியை எழுதியறியாத பிள்ளைக்கு அப்பெயர்கள் எதனையும் உணர்த்தா என்பதையும் நினைவிற்கொண்டு, எழுத்துப்பிழை நீங்கும் வரையில் ஒலிபெயர்ப்பு முறையை மொழிப்பாடத்தில் தவிர்ப்பது நலம்.

கையெழுத்து மறைத்துவிடும் பிழையை விசைப்பலகை வெளிக்கொணர்வதும் உண்டு. 'மௌனம்' என்ற சொல்லின் ஔகாரக் குறியில் உள்ள வலப்புறப் பகுதி ளகரத்தைப் போலவே தோன்றுவதால், பலர் கணினியில் மெகரத்தை அடுத்து ளகரத்தை இட்டு 'மெளனம்' என்று எழுதுகின்றனர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினும், தேடுபொறிக்கும் அகராதிக்கும் அவை வேறு வேறு சொற்கள். ஔகார வரிசையைக் கற்பிக்கும்போது, எழுதிய பின்னர் ஒருமுறை தட்டச்சிடச் செய்தால், ஔகாரக் குறி ஒரே உயிரின் அடையாளம் என்பது மாணவருக்கு விளங்கும்.

6.5 வேலையைப் பார்த்துக் கருவியைத் தெரிதல்

ஒரு செயற்பாட்டைத் திட்டமிடும்போது ஆசிரியர் மூன்று வினாக்களை எழுப்பிக்கொள்ளலாம். மாணவரின் மனத்தில் பதிய வேண்டியது எழுத்தின் உருவமா, சொல்லின் எழுத்துக்கூட்டா, கருத்தின் ஒழுங்கா என்பது முதல் வினா. செய்யப்படும் வேலை ஒருமுறை எழுதி முடிவதா, பலமுறை மாற்றி அமைக்கப்பட வேண்டியதா என்பது இரண்டாவது. அதனை யார், எங்கே படிக்கப்போகின்றனர் என்பது மூன்றாவது. இவ்வினாக்களின் வழியே பொதுவான பகுப்பு ஒன்று கிடைக்கிறது.

- கையால் செய்யத்தக்கவை: எழுத்தறிமுகம், சொல்வதெழுதுதல், புதிய சொற்களைப் பதிவுசெய்தல், கணக்கின் படிகள், வரைபடத்துடன் கூடிய அறிவியல் குறிப்பு, கட்டுரைக்கான முதற்சிந்தனை.
- கருவியில் செய்யத்தக்கவை: நீண்ட கட்டுரையைத் திருத்தி அமைத்தல், குழுவாக ஓர் அறிக்கை எழுதுதல், தகவல் தேடித் தொகுத்தல், வகுப்பிதழ் உருவாக்குதல், தரவுகளை அட்டவணையாக்குதல்.
- இரண்டும் சேர வேண்டியவை: கடிதம், கதை, செயல்திட்ட அறிக்கை.

கையெழுத்து மெதுவானது என்பது பெரும்பாலும் குறையாகவே சொல்லப்படுகிறது. கருத்தை வடிகட்ட வேண்டிய இடத்தில் அம்மெதுவே பயன்தருகிறது. கேட்டதனைத்தையும் எழுத இயலாத மாணவர், எதனை எழுதுவது என்று தெரிவுசெய்யும் கட்டாயத்திற்கு உள்ளாகிறார். முன்பே எண்ணிமுடித்த கருத்தைச் செம்மைப்படுத்தும் இடத்தில் அதே மெது தடையாகிறது. ஒரு பத்தியை இடம்மாற்றுவதற்காக நான்கு பக்கங்களைத் திரும்ப எழுத வேண்டியிருந்தால், திருத்தும் எண்ணத்தையே மாணவர் கைவிட்டுவிடுவார்.

6.6 வகுப்பு நிலைகள்

ஒன்று, இரண்டாம் வகுப்புகளில் எழுதுதல் முழுவதும் கையால் நிகழ வேண்டும். 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று மாணவர்கள் அவரவர் கற்றல் நிலைக்கேற்பப் பகுக்கப்படுவதுபோல, எழுதும் பயிற்சியையும் வயதைக் கொண்டு அளக்காமல் கையின் முதிர்ச்சியைக் கொண்டு பகுக்கலாம். திறன்பலகை இந்நிலையில் ஆசிரியரின் கருவி. எழுத்து தொடங்கும் இடத்தையும் கோடு செல்லும் திசையையும் பெரிதாக, மெதுவாக, பலமுறை காட்டுவதற்கு அது கரும்பலகையைவிட வசதியானது.

மூன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளில் எழுத்தோட்டம் உருவாகிறது. செயல்நினைவு என்பது ஒரே நேரத்தில் மனம் தாங்கிக் கையாளக்கூடிய சிறு இடம். எழுத்தின் உருவத்தை எண்ணிப் பார்ப்பதிலேயே அவ்விடம் நிறைந்துவிட்டால், கருத்துக்கும் தொடரமைப்புக்கும் இடமிருப்பதில்லை. ஆகவே இவ்வகுப்புகளில் நாள்தோறும் எழுதுவது இன்றியமையாதது. ஐந்தாம் வகுப்பில் தமிழ்99 விசைப்பலகையை வாரத்தில் ஒரு பாடவேளையளவு அறிமுகப்படுத்தலாம்.

ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் தட்டச்சு முறையான திறனாக வளர வேண்டும். இரு கைவிரல்களையும் பயன்படுத்தப் பழகாத மாணவருக்கு விசைப்பலகை கையெழுத்தைவிட மெதுவானதாகவே அமையும். ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான வகுப்புகளில் மாணவர் தாமே கருவியைத் தெரிவுசெய்யப் பழக வேண்டும். பொதுத்தேர்வு மூன்று மணிநேரம் இடைவிடாது எழுதும் உடல்வலிமையைக் கோருவதால், ஆண்டு முழுவதும் திரையில் படித்துவிட்டுத் தேர்வுக்கு முந்தைய மாதத்தில் மட்டும் எழுதிப் பார்க்கும் மாணவரின் கை விரைவில் தளர்ந்துவிடும். வாரத்திற்கு ஒருமுறையேனும் ஒரு நெடுவினாவைக் கடிகாரம் வைத்து எழுதச் செய்வது இதற்குரிய எளிய பயிற்சி.

6.7 கையெழுத்துப் பாடத்தை நடத்துதல்

தொடக்க வகுப்புகளில் வாரத்திற்கு ஒருமுறை நெடுநேரம் எழுதுவதைவிட, நாளுக்குப் பதினைந்து நிமிடங்கள் எழுதுவது நல்ல பயன்தரும். அகரவரிசைக்கு மாறாக வடிவ ஒற்றுமையைக் கொண்டு எழுத்துகளைக் குழுவாக்கினால் கை எளிதில் பழகும். ட என்பது கீழிறங்கி வலப்பக்கம் திரும்பும் கோடு. அக்கோடு மேலேறினால் ப. மேலேறும் கோடு சுழியாக வளைந்தால் ம. இம்மூன்று எழுத்துகளும் ஒரு புள்ளியும் தெரிந்த அளவிலேயே படம், மடம், பட்டம், மட்டம் ஆகிய சொற்களைப் பிள்ளை எழுதிவிட முடியும் என்பதால், உருவமும் பொருளும் முதல் வாரத்திலேயே இணைகின்றன. கு, சு, டு, து, மு, ரு என ஒவ்வொன்றும் வெவ்வேறு விதமாக வளையும் உகர வரிசைக்கும், அதன் நெடில் வரிசைக்கும் கூடுதல் நாள்களை ஒதுக்க வேண்டும். துணைக்காலைப் போல ஒரே குறியைச் சேர்த்துப் பெறும் வரிசைகளுக்கு அவ்வளவு நாள் தேவைப்படாது.

ஒவ்வொரு பயிற்சியும் நான்கு படிகளாக அமையலாம். ஆசிரியர் எழுத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டே எழுதிக் காட்டுகிறார். பிள்ளைகள் விரலால் காற்றிலோ மணல்தட்டிலோ எழுதிப் பார்க்கின்றனர். சிலேட்டிலோ கீழ்மட்டக் கரும்பலகையிலோ பெரிதாக எழுதுகின்றனர். இறுதியில் மாதிரியை மறைத்துவிட்டு நினைவிலிருந்து இரட்டைவரி ஏட்டில் எழுதுகின்றனர். நான்காம் படியே எழுத்தை உரியதாக்குகிறது. புள்ளிக்கோட்டின்மேல் வரைவதோடு நிறுத்திக்கொள்ளும் பயிற்சித்தாள்களும் செயலிகளும் அப்படியை எட்டுவதில்லை; முதல் இரண்டு நாள்களுக்குப் பின் புள்ளிக்கோட்டை விலக்கிவிட வேண்டும்.

தொடுதிரையில் எழுதச் செய்வதாயின் சில செய்திகளைக் கவனிக்க வேண்டும். கண்ணாடி வழுக்குவதால் கோட்டை நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துவது இளங்கைகளுக்குக் கடினம். உள்ளங்கையைத் திரையில் ஊன்றினால் தேவையற்ற கோடுகள் விழுகின்றன என்று அஞ்சும் பிள்ளை, கையைத் தூக்கியபடியே எழுதித் தோளை வருத்திக்கொள்கிறது. விரலால் எழுதுவது உருவத்தை அறியப் பயன்படுமாயினும் கோல்பிடியைக் கற்பிக்காது. ஆதலால் தொடுதிரை எழுத்து, தாளில் எழுதுவதற்குத் துணையாக நிற்கலாமேயன்றி மாற்றாக நிற்க இயலாது.

தண்டனையாக ஒரே சொல்லை நூறு முறை எழுதச் செய்யும் இம்போசிஷன் பழக்கம் முற்றாகக் கைவிடப்பட வேண்டியது. இருபதாவது முறைக்குப் பின் பிள்ளை சொல்லை எழுதுவதில்லை. முதலில் கொம்புகளை மேலிருந்து கீழாக ஒரு நெடுவரிசையாகவும், பின்னர் மெய்களை மற்றொரு நெடுவரிசையாகவும் நிரப்பி வேலையை முடித்துவிடுகிறது. எழுதுதலைத் தண்டனையோடு இணைத்துக்கொண்ட மாணவருக்கு விசைப்பலகை விடுதலையாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

6.8 மாதிரிப் பாடம்: கையிலிருந்து திரைக்கு

எட்டாம் வகுப்பில் 'எங்கள் ஊர் நீர்நிலை' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதும் செயற்பாட்டை ஆறு பாடவேளைகளில் நடத்தலாம்.

முதற்பாடவேளையில் மாணவர்கள் ஊர்க் குளத்தையோ ஏரியையோ பார்த்துவந்த செய்திகளை ஏட்டில் துணுக்குகளாகவும் அம்புக்குறிகளாகவும் சிறு படங்களாகவும் குறிக்கின்றனர். மதகு எங்கே, கலிங்கல் எங்கே என்று வரைந்துகாட்டத் தாளே எளிது. இரண்டாவதில் அக்குறிப்பிலிருந்து முதல் வரைவை ஒருவரி விட்டு ஒருவரியாகக் கையால் எழுதுகின்றனர். மூன்றாவதில் இருவர் இருவராக ஏடுகளை மாற்றிக்கொண்டு, விட்ட வரியில் ஐயங்களையும் கருத்துகளையும் எழுதுகின்றனர். நான்காவதில் கணினி ஆய்வகத்தில் வரைவைத் தட்டச்சிடுகின்றனர். இருக்கும் கணினிகள் குறைவெனில், ஒருவர் படிக்க மற்றவர் தட்டச்சிட்டுப் பின்னர் இடம்மாறிக்கொள்ளலாம். ஐந்தாவதில் பத்திகளை இடம்மாற்றியும் வெட்டியும் சேர்த்தும் திருத்துகின்றனர். ஆறாவதில் அச்சிட்ட படியைக் கையெழுத்து வரைவோடு ஒப்பிட்டு, எவை மாறின, ஏன் மாறின என்று ஐந்து வரிகள் ஏட்டில் எழுதுகின்றனர். திரையில் திருத்தங்கள் சுவடின்றி மறைந்துவிடுவதால், சிந்தனை வளர்ந்த வழியைக் காட்டும் சான்றாக அடித்தலும் திருத்தலும் நிறைந்த முதல் வரைவைக் கட்டுரையோடு சேர்த்தே பெற வேண்டும்.

பாடக் குறிப்பெடுத்தலுக்கும் இதே அடிப்படை பொருந்தும். ஆசிரியர் திரையில் காட்டும் படவில்லைகளை மாணவர் கைபேசியில் படமெடுத்துக்கொள்ளும் இடங்களில், படம் சேர்வதாலேயே பாடம் சேர்ந்துவிட்டது என்ற எண்ணம் உருவாகிறது. பதினைந்து நிமிடங்களுக்கு ஒருமுறை திரையை அணைத்து, கேட்டவற்றை மூன்று வரிகளில் சொந்தச் சொற்களால் எழுதச் செய்தால், எங்கே விளங்கவில்லை என்பது மாணவருக்கும் ஆசிரியருக்கும் அப்போதே தெரிந்துவிடும்.

6.9 எழுத இடர்ப்படும் மாணவர்

பேச்சிலும் புரிதலிலும் குறையின்றி, எழுதும்போது மட்டும் எழுத்துகள் அளவு மாறியும் இடைவெளியிழந்தும் சிதையுமாயின், அது டிஸ்கிராஃபியா எனப்படும் எழுதுதிறன் குறைபாடாக இருக்கலாம். அதனை முடிவுசெய்வது பயிற்சி பெற்ற வல்லுநரின் பணி. அறிகுறியைக் கண்டு அவரிடம் அனுப்புவது ஆசிரியரின் பணி. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளையும் தன் பட்டியலில் சேர்த்திருப்பதால், உரிய சான்றுடைய மாணவருக்குத் தேர்வுச் சலுகைகள் கோர வழியுண்டு. இத்தகைய மாணவருக்கு விசைப்பலகையும் பேச்சை எழுத்தாக்கும் செயலியும் சிந்தனையை வெளிப்படுத்தும் வாயில்களாகும். 'எல்லாரும் எழுதும்போது நீ மட்டும் ஏன்' என்ற கேள்வி அவர்மீது விழாதவாறு வகுப்பைப் பழக்குவதும் ஆசிரியரின் கடமை.

இடக்கைப் பழக்கம் குறைபாடன்று. எழுதிய பகுதியைத் தன் கையே மறைப்பதால் இடக்கைப் பிள்ளை மணிக்கட்டை வளைத்து எழுத முற்படும். ஏட்டின் மேல்விளிம்பு வலப்பக்கம் சாயுமாறு வைக்கவும், பென்சிலை நுனியிலிருந்து சற்று மேலே தள்ளிப் பிடிக்கவும், பெஞ்சின் இட ஓரத்தில் அமரவும் செய்தால் பக்கத்துப் பிள்ளையின் முழங்கையோடு மோதாமல் எழுத இயலும்.

6.10 மதிப்பிடுதல்

கையெழுத்தைக் கட்டுரையின் கருத்தோடு சேர்த்து மதிப்பிடும்போது, அழகாக எழுதப்பட்ட விடை அதே கருத்துடைய அழகற்ற விடையைவிட மிகுதியான மதிப்பெண் பெறும் போக்கு ஆய்வுகளில் கண்டறியப்பட்ட ஒன்று. இதனைத் தவிர்க்க, எழுத்தைத் தனியாகவும் கருத்தைத் தனியாகவும் வெவ்வேறு நாள்களில் பார்க்கலாம். எழுத்தோட்டத்தை அளக்க, பழகிய பாடப்பகுதி ஒன்றை ஒரு நிமிடம் பார்த்தெழுதச் செய்து எழுத்துகளை எண்ணி, பருவத்திற்கு ஒருமுறை பதிவுசெய்தால் போதும். ஒரு மாணவரின் எண்ணிக்கையை அவருடைய சென்ற பருவ எண்ணிக்கையோடு மட்டுமே ஒப்பிட வேண்டும். தெளிவை அளக்க, ஏட்டை மற்றொரு மாணவரிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் செய்யலாம்; அவர் எங்கே தடுமாறுகிறாரோ அங்கே எழுதியவருக்குப் பயிற்சி தேவை.

பருவத் தொடக்கத்தில் ஆசிரியர் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினாக்கள் கீழே தரப்படுகின்றன.

1. வகுப்பில் எத்தனை பிள்ளைகள் எல்லா எழுத்துகளையும் மாதிரியைப் பாராமல் எழுதுகின்றனர்?
2. கடந்த வாரம் கையால் எழுதப்பட்டவற்றுள் வெறுமனே பார்த்தெழுதியவை எத்தனை, சிந்தித்து எழுதியவை எத்தனை?
3. மாணவர் தமிழைத் தட்டச்சிடும் முறை தமிழ்99-ஆ, ஒலிபெயர்ப்பா?
4. திரையில் காட்டப்பட்ட பாடத்திற்குப் பின் மாணவர் சொந்தச் சொற்களில் எழுத நேரம் ஒதுக்கப்பட்டதா?
5. எழுத இடர்ப்படும் மாணவர் யாருக்கேனும் 'சோம்பேறி' என்ற பெயர் இடப்பட்டுள்ளதா?

முதல் வினாவுக்கான விடை வகுப்பின் பாதியைத் தொடவில்லை எனில், மற்ற வினாக்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்தப் பருவத்தில் ஆய்வகத்திற்கு ஒதுக்கிய தமிழ்ப் பாடவேளைகளைச் சிலேட்டுக்கும் இரட்டைவரி ஏட்டுக்கும் திருப்பிவிடுவதே அவ்வகுப்பைப் பின்னாளில் விசைப்பலகைக்கு ஆயத்தப்படுத்தும் வழி.